விடியுமுன் வர வேண்டிய ஊசி

பங்குனி பிறந்த முதல் வியாழக்கிழமை காலை கோழிக்கூட்டைத் திறந்தேன். எப்போதும் முதல் ஆளாகப் பாய்ந்து வெளியே வரும் செவலைப் பெட்டை வரவில்லை. மூலையில் குந்தி, இரண்டு இறக்கையையும் தரையில் தொங்கப்போட்டு, கண்ணை மூடிக்கொண்டிருந்தது. எங்கள் கரிசல் பக்கத்தில் இதைக் 'கோழி தூங்குது' என்பார்கள். பகலில் கோழி தூங்கும் வீட்டில் அன்றைக்குச் சோறு இறங்காது. கையில் எடுத்துப் பார்த்தேன். அலகிலிருந்து கோழை நூலாக வடிந்தது. வால்பக்கத்து இறகெல்லாம் வெள்ளையும் பச்சையுமாக ஒட்டிக் கிடந்தது. வாயைத் திறந்து திறந்து மூச்சை இழுத்தது. பொழுது சாயும் முன்னே போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் பதினேழு கோழியில் பதினான்கு போயின. மிஞ்சிய மூன்றில் ஒன்று, நான்கு மாத விடைக்கோழி. கழுத்து முறுக்கிக்கொண்டு ஒரு கண் வானத்தைப் பார்க்கும். கம்பரிசியைக் கொத்தப் போனால் அலகு ஒரு சாண் தள்ளி மண்ணில் போய் விழும். மறுபடி குறி பார்க்கும், மறுபடி மண்ணைக் கொத்தும். நான் உள்ளங்கையில் அரிசியை வைத்து அதன் அலகுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பதினைந்து நாள் அப்படித்தான் உயிரோடு இருந்தது.

இருபத்தாறு வருடம் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். முட்டைக் கணக்கு எழுதியே கை காய்த்துப்போனது. ஆனால் கோழிக்கணக்கு எழுத இந்த நாட்டில் ஏடு கிடையாது. பசு செத்தால் காப்பீடு உண்டா என்று கேட்க நாலு பேர் வருகிறார்கள். ஒரு பெண்ணின் பதினான்கு கோழி செத்தால், 'கோழிதானே' என்று ஒரே சொல்லில் முடிந்துபோகிறது. அந்தப் பதினான்கும் விற்றால் ஆறாயிரம் ரூபாய். என்னைப் போன்றவளுக்கு ஓய்வூதியம் என்று சிறு தொகை வருகிறது. எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பெண்களுக்குக் கோழிதான் சிறுவாடு. பிள்ளைக்கு நோட்டு வாங்க, மகள் வீட்டுக்குப் போக, வீட்டுக்காரரிடம் கை நீட்டாமல் மாத்திரை வாங்க, எல்லாவற்றுக்கும் அதுதான்.

வந்தது வெள்ளைக்கழிச்சல். கோழிக்கழிச்சல் என்றும் சொல்வார்கள். கால்நடை மருத்துவர்கள் வாயில் அது ராணிக்கெட். 1926-இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசல் நகரத்திலும் முதலில் அடையாளம் கண்டார்கள். மறுவருடமே குமாயூன் மலையில் ராணிக்கெட் என்ற ஊரில் கண்டதால் நம் நாட்டில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நூறு வருடத்து நோய். வைரஸ் கிருமி. ஊசி போடாத கூட்டத்தில் புகுந்தால் பத்துக்கு ஒன்பதைக் கொண்டுபோய்விடும். வந்த பிறகு மருந்தே கிடையாது. சின்ன வெங்காயம், சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி அரைத்து நானும்தான் உருட்டி ஊட்டினேன். கைவைத்தியத்தை நான் தள்ளுகிறவள் அல்ல. இரை எடுக்கவும் தெம்புக்கும் அது உதவலாம். கழிச்சலை நிறுத்தாது. பதினான்கு கோழிக்கும் ஊட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

எப்படி வந்தது என்பது எனக்குத் தெரியும். முந்தின சனிக்கிழமைச் சந்தையில் இரண்டு விடைக்கோழி வாங்கினேன். நல்ல பளபளப்பு. அன்றைக்கே மற்றக் கோழிகளோடு சேர்த்து அடைத்தேன். செவ்வாய்க்கிழமை அவை இரண்டும் தலையைத் தொங்கப்போட்டன, புது இடம், பழகிவிடும் என்று விட்டேன். புதன்கிழமை செத்தன. வியாழக்கிழமை செவலை. கிருமி உடம்பில் புகுந்து ஐந்து ஆறு நாளில் வெளியே காட்டும் என்பார்கள், கணக்கு அப்படியே பொருந்தியது. புதுக்கோழியை இரண்டு வாரம் தனியே கட்டிப் போட்டிருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த விஷயம்தான். செய்யவில்லை.

அந்த இரண்டும் ஏன் சந்தைக்கு வந்தன? யாரோ ஒரு வீட்டில் கோழி தூங்க ஆரம்பித்திருக்கும். மிச்சமிருப்பதை விற்று நாலு காசாவது பார்ப்போம் என்று கூடையில் போட்டுக் கொண்டுவந்திருப்பார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஏனென்றால் வெள்ளிக்கிழமை என் வீட்டு வாசலிலும் அதே பேச்சுதான். பக்கத்து வீட்டு மருமகள் வந்து, "பெரியம்மா, நல்லாருக்கிறத எல்லாம் நாளைக்கே சந்தைக்கு அனுப்பிருங்க. போனது போக இதாவது தேறும்" என்றாள். நல்ல மனசோடு சொன்னாள். நான் அனுப்பியிருந்தால் எந்த ஊரில் எந்தப் பெண் கையில் அரிசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளோ. முழங்கால் உயரத்துக்கு மேல் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டு, பதினான்கையும் ஒவ்வொரு நாளாகப் புதைத்தேன். ஆனால் தெருவில் இரண்டு வீட்டில் தூங்குகிற கோழியை அறுத்தார்கள். குடலும் இறகும் குப்பைமேட்டுக்குப் போயின. காக்காயும் நாயும் இழுத்தன. பத்தே நாளில் எங்கள் கீழத்தெரு முழுக்கக் கூடு காலி.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். உயிரோடு மிஞ்சிய மற்ற இரண்டும் ஒரு தும்மல்கூடப் போடவில்லை. செத்துக்கொண்டிருந்த கோழிகளுக்கு நடுவில் குப்பையைக் கிளறிக்கொண்டு திரிந்தன. அவை இரண்டும் பிப்ரவரியில் ஊசி போட்டவை.

ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை இரண்டு வாரம் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. இலவசம். நல்ல மருந்து, நல்ல திட்டம், அதில் எனக்கு ஐயமே இல்லை. எங்கள் ஊருக்கும் வந்தார்கள். பள்ளிக்கூடத்து மைதானத்தில், காலை பத்தரை மணிக்கு. காலை பத்தரைக்கு நாட்டுக்கோழி எங்கே இருக்கும்? கருவேலங்காட்டில், வைக்கோல் படப்பில், அடுத்த வீட்டுக் கூரையில். கோழி வளர்த்த யாருக்கும் தெரியும், பகலில் திரியும் நாட்டுக்கோழியைப் பிடிக்க மூன்று ஆளும் அரை நாளும் வேண்டும். என் கைக்கு அகப்பட்டவை இரண்டே இரண்டு. அடையில் உட்கார்ந்திருந்த கோழிகள். அவைதான் ஓடாமல் கொத்த வரும். அந்த இரண்டையும் துணிப்பையில் போட்டுக் கொண்டுபோய் ஊசி போட்டு வந்தேன். மற்றப் பதினைந்துக்கும் நேரமே எமனாகிவிட்டது.

கோழி அதிகாலையில் கூட்டில் இருக்கும். ஐந்து மணிக்குக் கதவை முழுக்கத் திறக்காமல் கையை விட்டால் ஒவ்வொன்றாக எடுக்கலாம். ஊசிக்காரர் ஐந்து மணிக்கு வர வேண்டும், அல்லது இருட்டியபின் வர வேண்டும். இந்த ஒன்றைச் செய்தாலே பாதிக் கோழி பிழைக்கும் என்று நான் நம்புகிறேன்.

இன்னொரு சிக்கல் மருந்துக் குப்பியில் இருக்கிறது. எட்டு வாரம் தாண்டிய கோழிக்கு இறக்கையின் தோலுக்கடியில் போடும் ஊசியில் இருப்பது உயிருள்ள, வீரியம் குறைத்த கிருமி. உறைய வைத்து உலர்த்திய தூளாக வரும். ஐஸில் வைத்துக் கொண்டுவர வேண்டும். கரைத்துவிட்டால் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் போட்டுத் தீர்க்க வேண்டும், வெயில் பட்டால் வீண். ஒரு குப்பி நூறு கோழிக்கு. அப்போது என்னிடம் இருந்தது பதினேழு, பக்கத்து வீட்டு மருமகளிடம் ஒன்பது, எதிர்வீட்டுக் கிழவியிடம் நாலு. பத்துக் கோழிக்காக ஒரு குப்பியை உடைக்க மருந்தகத்திலும் தயங்குகிறார்கள், நாமும் கேட்கக் கூசுகிறோம். பண்ணைக்காரருக்கு அளந்து செய்த குப்பி அது. தெரு சேர்ந்து நின்றால்தான் நமக்கு ஆகும்.

வழியே இல்லாமல் இல்லை. ஆஸ்திரேலியாவில் உருவான, வெப்பத்தை ஓரளவு தாங்கும் ஐ-2 என்ற மருந்தை மொசாம்பிக், தான்சானியா கிராமங்களில் உள்ளூர் ஆட்களே, அதிலும் பெண்கள் பலர், பழகிக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கோழியின் கண்ணில் ஒரு சொட்டு விடுகிறார்கள். நாலு மாதத்துக்கு ஒரு தடவை. ஊசியே வேண்டாம். நம் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் இரையோடு கொடுக்கும் குருணை மருந்தைச் செய்திருக்கிறது. இராணிப்பேட்டையில் 1932 முதல் நடக்கும் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் நமக்கு இருக்கிறது. அறிவும் மருந்தும் இருக்கிற மாநிலத்தில், கடைசி நூறு அடியில், கூட்டுக் கதவுக்கு முன்னால் வந்து எல்லாம் நின்றுபோகிறது. தெருவுக்கு ஒரு மகளிர் குழுப் பெண்ணுக்குக் கண்சொட்டு விடவும் குஞ்சுக்கு ஏழாம் நாள் மருந்து கொடுக்கவும் பழக்கிவிடுங்கள், அவளுக்குக் கோழிக்கு இவ்வளவு என்று கூலி கொடுங்கள் என்று கேட்கிறேன். பிப்ரவரியில் ஒரு தடவை போதாது. சித்திரையில் பொரித்த குஞ்சு அடுத்த மாசி வரைக்கும் எதை நம்பி இருக்கும்?

ஒன்றை மட்டும் இங்கே சொல்லிவிட வேண்டும். கொத்தாகச் செத்தால் எல்லாம் வெள்ளைக்கழிச்சல் என்று நாமே முடிவு கட்டக் கூடாது. 2006-இல் மகாராஷ்டிரத்து நவாப்பூரில் நம் நாட்டில் முதன்முதலாகப் பறவைக்காய்ச்சல் கண்டது. கொண்டை நீலம் பாய்ந்து, முகம் வீங்கி, சட்டென்று செத்தால் வெறும் கையால் தொடாமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். அறுக்கவே கூடாது.

ஆடிக்குள் தெருக் கூடுகளில் மறுபடி கோழி சேர்ந்திருந்தது. அந்த மாதம் எங்கள் தெருவுக்கு நாங்களே ஒரு ஏற்பாடு செய்தோம். பக்கத்து ஊரில் ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர் ஒருவர் இருக்கிறார். அவர் வரச் சம்மதித்தார். ஒரு வாரம் முன்னதாக எல்லாக் கோழிக்கும் குடற்புழு மருந்து கொடுத்தோம். நான் பழைய சத்துணவு ஏட்டின் பின்பக்கத்தில் வீடு வீடாகக் கோழிக்கணக்கு எழுதினேன். தொண்ணூற்றுமூன்று வந்தது. காலை ஐந்து மணிக்கு, பக்கத்து வீட்டு மருமகள் ஐஸ் போட்ட ஃபிளாஸ்க்கை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். அவள் மகன் டார்ச் பிடித்தான். நான் கூட்டுக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்து இறக்கையை விரித்துக் கொடுத்தேன். தூக்கக் கலக்கத்தில் கோழிகள் சூடாக இருந்தன, லேசாக முனகின, அவ்வளவுதான். ஐந்தே முக்காலுக்குத் தெரு முடிந்தது. குப்பியில் இன்னும் ஏழு கோழிக்கு மருந்து மிஞ்சியிருந்தது. மேலத்தெருவிலிருந்து ஒரு பெண் முந்தானைக்குள் சேவல் ஒன்றும், தலைகீழாகப் பிடித்த இரண்டு பெட்டையுமாக ஓடிவந்துகொண்டிருந்தாள்.