மேசையைச் சுற்றி ஒரு கச்சேரி

பிடில் வாசிப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஐரோப்பாவில் அதற்குச் சற்று உறவான இன்னொரு வாத்தியம் இருந்தது. பெயர் 'வயல்'. நெல் விளையும் வயல் அல்ல! ஆட்டுக்குடலைத் திரித்துச் செய்த ஆறு நரம்புகள். வீணைக்கு இருப்பதுபோல் கழுத்தில் மெட்டுகள் ஏழு. அவையும் குடல் நரம்பால் கட்டியவைதான், வேண்டும்போது நகர்த்திக்கொள்ளலாம். சிறியதோ பெரியதோ, கால்களுக்கிடையே நிறுத்தித்தான் வாசிப்பார்கள்.

நானூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தின் வசதியுள்ள வீடுகளில் சிறிது, நடுத்தரம், பெரிது என்று ஒரு பெட்டி நிறைய வயல்கள் இருக்கும். வீட்டாரும் நண்பர்களும் கூடி வாசிப்பார்கள். ஜான் டவ்லண்ட் 1604-இல் வெளியிட்ட 'லாக்ரிமே' என்ற இசைப் புத்தகத்தில் ஒவ்வொருவர் பகுதியும் ஒவ்வொரு திசையைப் பார்த்து அச்சாகியிருக்கிறது. மேசையில் விரித்து வைத்தால், சுற்றி உட்கார்ந்த எல்லாருக்கும் அவரவர் பகுதி நேராகத் தெரியும். சும்மா உட்கார்ந்து கேட்பவருக்கு அங்கே இடமே இல்லை!

பிறகு பெரிய மண்டபங்கள் வந்தன. உரத்த குரலுள்ள பிடில் வென்றது. கார்ல் பிரீட்ரிக் ஆபெல் என்ற வித்துவான் 1787-இல் இறந்தபின், ஏறக்குறைய நூறாண்டு காலம் வயலைத் தேடுவாரில்லை. பலவற்றை அறுத்துச் செல்லோவாக மாற்றிவிட்டார்கள். நல்ல மரத்துக்கு நேர்ந்த கதியைப் பாருங்கள்.

1889-இல் அர்னால்ட் டொல்மெட்ச் என்ற பிடில் ஆசிரியர், லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் அந்தப் பழைய இசையின் கையெழுத்துப் படிகளைக் கண்டார். இசை இருக்கிறது, வாசிக்க ஆளில்லை. என்ன செய்தார்? பழைய வாத்தியங்களை வாங்கிப் பழுது பார்த்தார், புதிதாகவும் செய்தார், தம் குடும்பத்தையே குழுவாக்கினார். மகள் எலேன் இளம் வயதிலேயே பெரிய வயலில் தேர்ந்தாள். 1925-இல் ஹேசல்மியர் என்ற சிற்றூரில் மனைவி மேபலும் பிள்ளைகளும் உடன் வாசிக்க, இசை விழாவே தொடங்கிவிட்டார்.

1940-இல் அவர் காலமானார். 1942-இல் மகன் ருடால்ஃப் போரில் கப்பலோடு கடலில் மாண்டார். ஆனாலும் வீட்டில் கற்றது வீண்போகவில்லை. மகள் நத்தாலி 1948-இல் வயல் வாசிப்போருக்கென ஒரு சங்கம் அமைத்தார். 1986-இல் ஃபிரெட்வொர்க் என்ற வயல் குழு இங்கிலாந்தில் முதல் கச்சேரி செய்தது. அதன் இசைத்தட்டுகள் இன்று உலகெங்கும் கிடைக்கின்றன.

நம் திருவிழா ஒலிபெருக்கிக்குப் பழகிய காது முதலில் திகைக்கும். ஒரு வயல் ஓர் அடியைச் சொல்லும். மற்றொன்று அதையே வாங்கிச் சொல்லும். அது முடியுமுன் மூன்றாவது நுழைந்துவிடும். அடியில் ஓடும் பெரிய வயலை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றவை தாமே பிடிபடும்.