சென்சஸ் ஏடும் பழங்காலப் பெருமையும்

அந்தக் காலத்துக் குடும்பமே குடும்பம் என்றும், வீடு நிறையப் பிள்ளைகளும் மங்கலமுமாய் ஜனங்கள் வாழ்ந்தார்கள் என்றும், இப்போது எல்லாம் கெட்டுவிட்டது என்றும் வேலூரிலும் ஆம்பூரிலும் மேடையேறிப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். எந்தக் காலம், யார் வீடு, கணக்கு உண்டா என்று கேட்டால் புராணத்தைக் காட்டுவார்கள். நாம் காட்டுவது வேறோர் ஏடு. அதுதான் சர்க்கார் சென்சஸ்.

1871-ல் நம் வட ஆற்காடு ஜில்லாவில் ஜனங்கள் 20 லட்சத்துக்குச் சற்று மேல். 1881-ல் சுமார் 18 லட்சம். பத்து வருஷத்தில் பெருகவேண்டிய ஜனம் குறைவானேன்? 1876 முதல் 1878 வரை அடித்த பஞ்சந்தான் காரணம். கோயில்களும் குளங்களும் அன்றும் இருந்தன, ஜனங்கள்தான் மிஞ்சவில்லை.

குடும்ப மங்கலத்தைப் பார்ப்போம். 1921 சென்சஸ்படி இந்தியாவில் 5 வயதுக்குட்பட்ட இந்து விதவைகள் 11,892 பேர். 15 வயதுக்குள் மொத்தம் 3,29,076 பேர். பால் மணம் மாறாத குழந்தைக்குத் தாலி கட்டி, அதை அறுத்தும் வைத்த குடும்பமா மங்கலக் குடும்பம்? இதைத் தலைவிதி என்றார்கள். விதியானால் 1929-ல் பாலிய விவாகத் தடைச் சட்டம் நிறைவேறியதும் ஏன் பதறினார்கள்? 1930 ஏப்ரலில் அது அமுலுக்கு வருமுன் அவசர அவசரமாய்க் குழந்தைகளுக்கு முடிச்சுப் போட்டார்கள். 1931 சென்சஸ் அந்தத் திருட்டையும் எழுதி வைத்துக்கொண்டது.

ஆனால் தோழர்களே, சென்சஸை இன்னொரு வேதமாக்கிக் கும்பிட வேண்டாம். அதையும் கேள்வி கேட்டே படிக்க வேண்டும். வாணியம்பாடி அடங்கிய திருப்பத்தூர் தாலுகா 1911 வரை சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. வட ஆற்காடு 1989-ல் இரண்டானது. வேலூர் மாவட்டம் 2019-ல் மூன்றானது. ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயிற்று. ஜில்லாப் பெயரை மட்டும் பார்த்து, ஜனம் கூடிற்று, குறைந்தது என்பவன் ஏமாறுவான். தாலுகா தாலுகாவாய்ப் பிரித்துக் கூட்டவேண்டும். வயதுக் கணக்கோ 20, 30, 40 என்று குவிந்து கிடக்கும். பிறந்த வருஷம் தெரியாத ஜனங்கள் குத்துமதிப்பாய்ச் சொன்னதே அதற்குக் காரணம்.

இதைவிடப் பெரிய பொய் ஒன்று நம் வீட்டிலேயே பிறக்கிறது. ஆம்பூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து ஷூ அப்பர் தைக்கிறார்கள். 2011-ல் கணக்கெடுக்க வந்தவர் எங்கள் தெருவில் ஒருவரைப் பார்த்து, "உங்கள் சம்சாரம் என்ன வேலை செய்கிறார்?" என்று கேட்டார். அந்த அம்மாள் கையில் ஊசியும் மடியில் தோலுமாய்ப் பக்கத்திலேயே இருக்க, புருஷர் சொன்ன பதில்: "சும்மா வீட்டில்தான் இருக்கிறாள்!" ஏட்டிலும் அப்படியே ஏறிற்று. நூறு வருஷம் கழித்துப் படிக்கிறவன் ஆம்பூர்ப் பெண்கள் சும்மா இருந்தார்கள் என்றுதானே நினைப்பான்? இந்தப் பொய்யை எழுதியது எந்த ரிஷி? நாமேயல்லவா?

2021-ல் எடுக்கவேண்டிய கணக்கு எடுக்கப்படவில்லை. 2027-ல் எடுப்பதாகச் சர்க்கார் 2025-ல் அறிவித்தது. கணக்கெடுப்பவர் வரும்போது புருஷர்கள் சற்று வாயை மூடிக்கொண்டு, பெண்களைப் பேசவிடட்டும். பெண்கள் தங்கள் வயதையும் வேலையையும் உள்ளபடி சொல்லட்டும். பழைய ஏட்டிலுள்ள 11,892 குழந்தைகளுக்கு வாய் திறந்து பேச வழியில்லை. நம் வீட்டுப் பெண்களுக்கு உண்டு.