நிலம் திரும்பினால் கடன் தீருமா?

பிறர் வயலில் உத்தரவின்றி இறங்கி வெள்ளாமை செய்தவன், சொந்தக்காரர் வந்து கேட்டதும் வரம்பேறிப் போய்விட்டால் கணக்குத் தீர்ந்துவிடுமா? அதுவரை அறுத்த போகங்களுக்கு அவன் விடை சொல்ல வேண்டாமா? வேண்டும் என்பார் வாகரையின் எந்த வெள்ளாமைக்காரரும். வேண்டும் என்றே கூறுகிறது இந்நாட்டு நீதிமன்றங்கள் கைக்கொள்ளும் உரோம டச்சுச் சட்டமும். உரிமையின்றிக் காணியைப் பிடித்திருப்பவன் மீது வழக்கிடும் சொந்தக்காரர், காணியை மட்டுமன்றி, அது கைக்கு வரும் நாள்வரை மாதந்தோறும் நட்ட ஈட்டையும் கேட்கலாம். குடிமகனைக் கட்டுப்படுத்தும் இந்த நீதி அரசைக் கட்டுப்படுத்தாதா?

சம்பூரை எண்ணிப் பார்ப்போம். 2006இல் குண்டுவீச்சுக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடிய மூதூர் கிழக்கு மக்கள், வெருகலாற்றைக் கடந்து நம் வாகரையில் தஞ்சம் புகுந்தனர். 2007 ஜனவரியில் அரச படைகள் வாகரையைக் கைப்பற்றியபோது, இடம் கொடுத்தவரும் இடம் பெற்றவரும் ஒருங்கே அகதிகளாகி மட்டக்களப்பை நோக்கி நடந்திருந்தனர். வாகரை மக்கள் அவ்வாண்டிலேயே மீளத் தொடங்கினர். சம்பூர் மக்களுக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. அவர்களது ஊர் அவசரகால ஒழுங்குவிதிகளின் கீழ் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. 2012இல் 818 ஏக்கர் முதலீட்டுச் சபையின் கைத்தொழில் வலயத்துக்கென வர்த்தமானியில் ஒதுக்கப்பட்டது. 2015 மே மாதத்தில் அவ்வறிவித்தல் நீக்கப்பட்டது; 2016இல் கடற்படை முகாமிருந்த 237 ஏக்கரும் விடுவிக்கப்பட்டது. இடையில் கழிந்தவை பத்து ஆண்டுகள், பத்துப் பெரும்போகங்கள்!

அரசு காணி எடுப்பதற்கு ஒரு முறை உண்டு. அதுவே 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி சுவீகரிப்புச் சட்டம். அறிவித்தல் ஒட்ட வேண்டும். உரித்தை விசாரிக்க வேண்டும். பெறுமதி கணித்து நட்ட ஈடு கொடுக்க வேண்டும். வலிகாமம் வடக்கில் நடந்தது என்ன? மக்கள் வெளியேறியது 1990இல். 6381 ஏக்கரைச் சுவீகரிக்கும் அறிவித்தல் ஒட்டப்பட்டதோ 2013 ஏப்ரலில். இருபத்து மூன்று ஆண்டுகளின் பின் ஒருவன் காணியை எடுக்க அறிவித்தல் கொடுக்கிறான் என்றால், அதுவரை அது தனதன்று என அவனே ஒப்புக்கொள்கிறான் அல்லவா? அவ்வாறாயின் அந்த இருபத்து மூன்று ஆண்டுகளின் வாடகை எங்கே?

போர்க்காலத் தேவை என்று சிலர் சமாதானம் கூறுவர். போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. அவசரகால விதிகள் 2011 ஆகஸ்டில் காலாவதியாயின. அதன் பின்னும் வேலி அகலாததற்கு எந்தத் தேவையைக் காட்டுவர்? அரசே நியமித்த நல்லிணக்க ஆணைக்குழுவும், பாதுகாப்புக்கெனக் காணியிழந்தோருக்கு மாற்றுக் காணியோ நட்ட ஈடோ வழங்குமாறு 2011இல் விதந்துரைத்தது.

உலகில் இதற்கு முன்மாதிரி உண்டு. 1974இல் துருக்கிப் படை சைப்பிரசின் வடபகுதியைக் கைப்பற்றியதால் தம் காணியை அணுக முடியாதுபோன பெண்மணி ஒருவர், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தை நாடினார். அவரே இன்னும் சொந்தக்காரர் என 1996இல் தீர்த்த அம்மன்றம், அவர் இழந்த பயனுக்காக 3 இலட்சம் சைப்பிரசுப் பவுண் வழங்குமாறு 1998இல் கட்டளையிட்டது. துருக்கி மறுத்து நின்றது. ஈற்றில் 2003இல் கொடுத்தது. அது காணியின் விலையன்று. காணியின்றிக் கழிந்த காலத்தின் விலை. அம்மன்றத்தின் ஆணை இலங்கையில் செல்லாது. அது காட்டிய அளவுகோல் எங்கும் செல்லும்.

நம் மக்கள் வழக்குத் தொடுக்கலாமே எனக் கேட்பது எளிது. நட்டத்துக்கான வழக்கை இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும் என்கிறது 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம். கூடாரத்தில் வாழ்ந்தவர், படை முகாமுக்கு எதிராக எந்த நீதிமன்றப் படி ஏறியிருப்பார்? போர்க்காலத்தைக் கணக்கிலிருந்து கழித்த 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும், ஆயுதக் குழுக்களால் தடுக்கப்பட்டோரையே கருதிற்று. அரச படைகளால் தடுக்கப்பட்டோர் வெளியே நிற்கின்றனர்.

ஆகவே தனிச் சட்டமொன்று வேண்டும். காணி பிடிக்கப்பட்ட நாள் முதல் திருப்பிக் கொடுக்கப்பட்ட நாள்வரை வாடகை கணிக்கப்பட வேண்டும். இடிந்த வீடு, தூர்ந்த கிணறு, அழிந்த தென்னை ஆகியன தனியே மதிக்கப்பட வேண்டும். உறுதிக் காணிக்காரரோடு அனுமதிப்பத்திரக் காரரும் சேர்க்கப்பட வேண்டும். அரச காணி என்று கூறி, அதைத் திருத்தி விளைவித்தவரைத் தள்ளிவிடலாகாது. 2018இல் சட்டமாகிய இழப்பீட்டு அலுவலகத்திடம் இப்பணியை ஒப்படைக்கலாம்.

கற்றோருக்கு இங்கே கடமை உண்டு. சட்டத்தரணிகளும், நொத்தாரிசுகளும், நில அளவையாளரும் ஊர்தோறும் அமர்ந்து, ஒவ்வொரு காணிக்கும் ஒரு கணக்கேடு எழுதட்டும். உறுதி தொலைந்தவர் காணிப் பதிவகத்தில் பிரதி தேடட்டும். எல்லை அறிந்த முதியவர்களின் வாக்குமூலம் அவர்கள் வாழும்போதே எழுத்தில் ஏறட்டும். அந்தக் கணக்கேடுகளோடு நம் பிரதிநிதிகள் பாராளுமன்றத்துக்குச் செல்லட்டும். எழுதாத கடனை எவரும் கொடுக்கமாட்டார். எழுதிய கடனை என்றென்றும் மறுத்து நிற்கவும் இயலாது.