ஆலை வரைபடத்தில் நம் கை எங்கே?

மருந்து ஆலையில் விபத்து என்று செய்தி வந்ததும் நாம் மூன்று கேள்விகள் கேட்கிறோம். எத்தனை பேர் இறந்தார்கள்? இழப்பீடு எவ்வளவு? முதலாளி கைதா? கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் நான்காவதாக ஒன்று இருக்கிறது, அதை நாம் கேட்பதே இல்லை: அந்த ஆலையை வரைந்தது யார்?

2024 ஆகஸ்ட் 21 அன்று ஆந்திராவின் அச்சுதாபுரத்தில் ஒரு மருந்து ஆலையில் கரைப்பான் கசிந்து, அதன் ஆவி தீப்பற்றி வெடித்தது. 17 பேர் இறந்தார்கள். 2025 ஜூன் 30 அன்று தெலங்கானாவின் பாசமைலாரத்தில், மாத்திரைகளில் சேர்க்கும் செல்லுலோஸ் தூளைத் தயாரிக்கும் ஆலை வெடித்தது. 40க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் பலர் பிழைப்புக்காக வட மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். இப்படி எது நடந்தாலும் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்ற சொல்தான் முதலில் வந்து நிற்கும்.

தோழர்களே, ஆபத்து அவ்வளவு தாமதமாக ஆலைக்குள் வருவதில்லை. செங்கல் வைப்பதற்கு முன்பே அது காகிதத்தில் வந்துவிடுகிறது. எத்தனை லிட்டர் கரைப்பானைச் சேமிப்பது, அந்தக் குழாய்க்குக் கீழே மின் பலகை இருக்கலாமா, அழுத்தம் ஏறினால் வாயு எந்தப் பக்கம் வெளியேறும், தொழிலாளி சாப்பிடும் இடம் எவ்வளவு தூரம், ஓடித் தப்பிக்க எத்தனை கதவு - இவை எல்லாவற்றையும் முடிவு செய்வது வடிவமைப்புக் குழு. வேதிப் பொறியாளர், குழாய்ப் பொறியாளர், மின் பொறியாளர், காற்றோட்ட நிபுணர் என்று அதில் சிலரே இருப்பார்கள். அவர்கள் கையெழுத்திட்ட பிறகு அது இரும்பும் கான்கிரீட்டுமாகிவிடுகிறது. தொழிலாளி வந்து சேரும்போது மாற்றுவதற்கு அதிகம் மிச்சமிருப்பதில்லை.

போபாலை எடுத்துக்கொள்வோம். அது பூச்சிக்கொல்லி ஆலைதான், ஆனால் பாடம் ஒன்றே. 1984 டிசம்பரில் ஒரே தொட்டியிலிருந்து ஏறத்தாழ 40 டன் மீத்தைல் ஐசோசயனேட் கசிந்தது. குளிரூட்டும் கருவியை நிறுத்தி வைத்தது நிர்வாகத்தின் குற்றம். ஆனால் அவ்வளவு கொடிய பொருளைப் பெரிய தொட்டிகளில் தேக்கி வைக்கலாம் என்றது வடிவமைப்பு. வேதி ஆலைப் பாதுகாப்பில் பெயர் பெற்ற டிரெவர் கிளெட்ஸ் வாழ்நாள் முழுக்க வலியுறுத்தியது இதைத்தான்: ஆபத்துக்குக் காவல் போடுவதற்கு முன், ஆபத்தான பொருளின் அளவைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள். ஆலைக்கு எதிரே குடிசை போட்டு வாழ்ந்த மக்களிடம் அந்தத் தொட்டியைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

மருந்து ஆலைக்குள் இன்னொன்றையும் பார்க்கலாம். மாத்திரை செய்யும் அறைக்கு வடிகட்டிய காற்று, அழுத்த வேறுபாடு, இரட்டைக் கதவு எல்லாம் உண்டு. மனிதனின் தூசு மருந்தில் விழக்கூடாது. நல்லது, நோயாளிக்கு அது வேண்டும். ஆனால் மருந்தின் தூசு மனிதனின் நுரையீரலுக்குள் போகாமல் தடுப்பதும் அதே அளவு கணக்குள்ள வேலை. முதலாவதைக் கேட்க மருந்து ஆய்வாளரும் வெளிநாட்டு வாடிக்கையாளரும் வருகிறார்கள். இரண்டாவதைக் கேட்க யார் வருகிறார்கள்?

அதே ஆலையின் பின்பக்கம் கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தொட்டி இருக்கும். அதன் அடியில் படியும் சேற்றை அள்ள யார் இறங்குகிறார்கள் என்று நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நச்சு வாயு உள்ள தொட்டிக்குள் முன்னெச்சரிக்கை இல்லாமல் ஆள் இறங்கக் கூடாது என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆம் பிரிவு சொன்னது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அடிப்பகுதியைச் சரிவாக வைத்து, சேறு தானே வழிந்து பம்புக்கு வரும்படி, வெளியிலிருந்தே நீரைப் பீய்ச்சிக் கழுவும்படி தொட்டியை வரைய முடியும். முன்பக்கத்துத் தொட்டிகள் பலவற்றை அப்படித்தான் வரைகிறார்கள், அங்கே இருப்பது மருந்து என்பதால். பின்பக்கத் தொட்டிக்கு மட்டும் ‘ஆள் கிடைப்பார்கள்’ என்ற நினைப்பு. எங்கள் பார்வையில், வரைபடத்திலேயே எழுதப்பட்ட சாதி அது.

அண்ணல் அம்பேத்கரை நாம் அரசியல் சட்டத்தோடு மட்டும் நிறுத்திவிடுகிறோம். 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையோடு பாசனமும் மின்சாரமும் அவர் கையில் இருந்தன. நீருக்கும் மின்சாரத்துக்கும் மத்திய அளவில் தொழில்நுட்ப அமைப்புகள் அந்தக் காலத்தில்தான் உருவாயின. வேலை நேரத்தைக் குறைப்பது, அணையைத் திட்டமிடுவது இரண்டும் ஒரே மேசையில் நடந்தன.

அதனால்தான் வேதிப் பொறியியலும் மருந்தியலும் படிக்கும் தம்பி தங்கைகளிடம் சொல்கிறோம்: ஷிஃப்ட் வேலை கிடைத்தால் போதும் என்று நின்றுவிடாதீர்கள், வடிவமைப்புப் பக்கம் போங்கள். தனியார் துறையில் இடஒதுக்கீடு இல்லை, அந்த அறைக்குள் நமக்கு அறிமுகமும் இல்லை. அதற்கான போராட்டத்தை நாம் விடப் போவதும் இல்லை. ‘ஒரு இளநிலைப் பொறியாளர் என்ன செய்துவிட முடியும்?’ என்று கேட்பீர்கள். முதலாளியின் லாபக் கணக்கை அவரால் தனியாக மாற்ற முடியாது. ஆனால் ‘ஹேசாப்’ என்ற ஆபத்தாய்வுக் கூட்டத்தில் ஒவ்வொரு குழாயாக எடுத்து, ஓட்டம் நின்றால் என்ன, அதிகமானால் என்ன, தலைகீழானால் என்ன என்று கேட்பது வழக்கம். கேட்ட கேள்வி பதிவாகும். ‘இந்தத் தொட்டியைச் சுத்தம் செய்வது யார், எப்படி?’ என்று அங்கே ஒருவர் கேட்டால், அதற்கு எழுத்தில் பதில் வேண்டும். அந்தக் கூட்டத்தில் துப்புரவு செய்யும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் ஒரு நாற்காலி வேண்டும் என்பது நம் கோரிக்கை.

பொறியியல் படிக்காத நமக்கும் வேலை உண்டு. ஆலைக்கு நடக்கும் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் கோஷத்தோடு சேர்த்து இடர் மதிப்பீட்டு அறிக்கையையும் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். அனுமதி பெற்ற தொழிற்பேட்டைக்குள் வரும் ஆலைக்குத் தனிக் கருத்துக்கேட்பு வேண்டாம் என்று 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கை விலக்குத் தருகிறது. கடலூர் சிப்காட்டைச் சுற்றிக் காற்றைச் சுவாசித்து வாழும் ஊர்களுக்கு அந்த விலக்கின் பொருள் புரியும். அதை எதிர்க்க வேண்டும். எதிர்க்கும்போது குழாயையும் வால்வையும் படித்துச் சொல்ல நம் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும்.

வக்கீல்களை உருவாக்கினோம், ஆசிரியர்களை உருவாக்கினோம். இனி வரைபடம் போடுகிறவர்களையும் உருவாக்குவோம்.

ஜெய்பீம்.