ஸ்கிரீனைக் காப்பாற்றுகிறோம் என்று பிள்ளையின் கையைக் கட்டாதீர்கள்



நீளமான பதிவுதான். முழுக்க வாசித்துவிட்டு, திட்டுவதென்றால் திட்டுங்கள்.

பேனாவால் நேரே ஸ்கிரீனில் படம் வரையும் டெப்லட்டுகள் இப்போது நம் ஊர்களிலும் அங்கொன்று இங்கொன்றாக வந்துவிட்டன. வேக்கம், ஹியூயோன், எக்ஸ்பி-பென் என்று பல பெயர்கள். ஐபேட்டும் அதன் பென்சிலும் வைத்திருப்பவர்களும் உண்டு. சில பாடசாலைக்கு நன்கொடையாக வந்தவை. சில வெளிநாட்டில் உழைக்கும் வாப்பாமார் அனுப்பியவை. அவற்றில் பல இப்போது எங்கே இருக்கின்றன? அலுமாரிக்குள். பொலித்தீன்கூடக் கழற்றாமல் பெட்டியோடு. கேட்டால் ஒரே பதில்தான்: "பிள்ளைகள் கையில் குடுத்தா ஸ்கிரீன் கீறிடும் சேர்."

எந்தப் பாடசாலை, எந்த வீடு என்று நாங்கள் பெயர் சொல்லப் போவதில்லை. ஆசிரியர்களாக நாங்கள் சொல்ல வருவது இதுதான்: ஸ்கிரீனைக் கீறுவது பிள்ளை அல்ல, மணல். மணலைத் தடுக்கச் சில்லறைக் காசு போதும். அதைச் செய்யாமல் பிள்ளையைத் தடுப்பது பாதுகாப்பு அல்ல, சோம்பல்.

மணலைப் பற்றி மன்னாராருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. காற்றாலையும் கனிய மணல் அகழ்வும் வேண்டாம் என்று 2025 இல் வீதியில் நின்ற ஊர் இது. தலைமன்னாரிலிருந்து முசலி வரை சோளகக் காற்று அடிக்கும் காலத்தில் ஜன்னலைச் சாத்தினாலும் மேசையில் மணல் படியும். அந்த மணலில் இருப்பது பெரும்பாலும் குவார்ட்ஸ். மோஸ் கடினத்தன்மை அளவில் குவார்ட்ஸ் 7. சாதாரணக் கண்ணாடி ஏறக்குறைய 5.5. கடினமானது மென்மையானதைக் கீறும். நாங்கள் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற விஞ்ஞானம்தான் இது.

பேனாவின் முனை பிளாஸ்டிக். சுத்தமான கண்ணாடியை அது லேசில் கீறாது. ஒரு மணல் துகள் முனைக்கும் கண்ணாடிக்கும் இடையில் மாட்டும்போதுதான் கோடு விழுகிறது. அந்தத் துகளைக் கொண்டுவருவது பெரும்பாலும் பெரியவர்கள்தான். சாரன் நுனியால் ஒரு துடை, லேஞ்சியால் ஒரு துடை. அது துடைப்பதல்ல, அரைப்பது.

அடுத்தது கடைக்காரர் சொல்லும் கதை. "இது 9எச் டெம்பர் கிளாஸ், எதாலும் கீறாது." சகோதரர்களே, அந்த 9எச் பென்சில் கணக்கு. சித்திரப் பாடத்துக்குப் பிள்ளைகள் வாங்கும் எச்பி, 2பி பென்சில்களின் அதே வரிசை. 9எச் பென்சிலால் அழுத்தி இழுத்தாலும் கீறாது என்பதுதான் அதன் அர்த்தம். மோஸ் 9 அல்ல. நம் கடற்கரை மணல் அதையும் கீறும். தடித்த கண்ணாடி ஒட்டினால் பேனா முனைக்கும் கோட்டுக்கும் இடைவெளியும் கூடும். பிள்ளை ஓரிடத்தில் தொட, கோடு சற்றுத் தள்ளி விழுவதுபோலத் தெரியும். விழுந்தால் உடையாமல் இருக்கக் கண்ணாடி உதவலாம். வரைவதற்கு அது இடைஞ்சல்.

அப்படியென்றால் என்ன செய்வது?

மெல்லிய, மினுக்கமில்லாத பிளாஸ்டிக் படலம் ஒன்றை ஒட்டுங்கள். விழுகிற கீறல் அதில் விழட்டும். பழுதானால் உரித்துவிட்டுப் புதியதை ஒட்டலாம். நிறம் கொஞ்சம் மங்கும், பேனா முனையும் சீக்கிரம் தேயும். உண்மைதான். அதற்குத்தான் மாற்று முனைகள் இருக்கின்றன. பல டெப்லட்டுகளோடு பெட்டிக்குள்ளேயே அவை வருகின்றன. பெட்டியையே திறக்காதவருக்கு அது எப்படித் தெரியும்? முனை உளிபோலச் சரிந்து தேய்ந்தால் உடனே மாற்றுங்கள்.

படலம் ஒட்டும்போது ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்துங்கள். துடைக்கும்போது முதலில் மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். பிறகு லேசாக ஈரமாக்கிய மைக்ரோபைபர் துணி. அமோனியா கலந்த கண்ணாடித் திரவம் மேற்பூச்சைக் கெடுக்கும், அது வேண்டாம். வேலை முடிந்ததும் ஒரு துணிப் பையில் போட்டு வையுங்கள். வரையும் கைக்கு இரண்டு விரல் உறை ஒன்று, வியர்வை படாமல் இருக்க. பத்து வயதுப் பிள்ளைக்கும் ஒரே நாளில் பழக்கிவிடலாம்.

"பதிவேட்டில் ஏறிய பொருள் உடைந்தால் பொறுப்பு யார்?" என்று சக ஆசிரியர்கள் கேட்பது எங்களுக்கும் விளங்குகிறது. நியாயமான பயம். ஆனால் பூட்டிய பொருளும் பழுதாகும். பட்டரி உள்ள டெப்லட்டைச் சார்ஜ் இறங்கிய நிலையில் வருடக்கணக்கில் வைத்தால் பட்டரி செத்துவிடும். நம் உப்புக் காற்று செருகிகளில் துருவேற்றும். கடைசியில் கீறல் இல்லாத ஸ்கிரீனோடு ஓடாத டெப்லட் ஒன்று பதிவேட்டில் இருக்கும். யார் எப்போது எடுத்தார், எப்படித் திருப்பித் தந்தார் என்று ஒரு கொப்பியில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். பயத்துக்கு மருந்து அதுதான்.

நன்கொடை என்பது அமானிதம். தந்தவர் அலுமாரிக்குத் தரவில்லை, பிள்ளைக்குத் தந்தார்.

கிடைத்ததைப் பூட்டி வைக்கும் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது என்பதும் நாம் அறியாததல்ல. 1990 ஒக்டோபரில் வீடு வாசலை விட்டுக் கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் போன சமூகம் நாம். ஆனால் ஒன்றை யோசியுங்கள். பூட்டி வைத்த அலுமாரிகள் எல்லாம் இங்கேயே நின்றுவிட்டன. நம்மோடு வந்தது கையில் இருந்த தொழிலும் தலையில் இருந்த படிப்பும்தான்.

இன்று சாதாரண தரத்தில் சித்திரம் எடுக்கும் ஒரு பெண்பிள்ளை, வீட்டை விட்டு வெளியே போகாமலே கலியாணக் கார்ட், கடை லோகோ, பாடப் புத்தகப் படம் என்று வரைந்து உழைக்கலாம். அதற்குக் கை பழக வேண்டும். கை பழக வருடங்கள் வேண்டும். கீறிய படலத்தை ஒரு நாளில் மாற்றலாம். பதினான்கு வயதில் வரையாமல் போன வருடத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

இந்தக் கிழமையே அலுமாரியைத் திறவுங்கள். சாவி யாரிடம் இருக்கிறதோ அவருக்கு இந்தப் பதிவை அனுப்புங்கள்.

வஸ்ஸலாம்.