மீன் தொட்டிக் கல்லை வேக வைக்கலாமா?

திருவொற்றியூர் வாசகி ஒருவர் கேட்கிறார்: "என் மகனுடைய கடல்நீர் மீன் தொட்டியில் மீனெல்லாம் செத்துப் போச்சு. கல்லை வீணாக்க மனசு வரல்லை. குண்டானில் போட்டு வேக வைத்தால் சுத்தமாகிவிடுமா அக்கா?"

ஐயையோ, வேண்டவே வேண்டாம்மா! கல்லில் பொத்தான் பூ மாதிரி ஒட்டியிருக்கும் சில கடல் உயிர்களிடம் பாலிடாக்சின் என்ற கொடிய விஷம் இருக்கலாம். கொதிக்க வைத்தாலும் அது அழியாது. ஆவியோடு கிளம்பி மூச்சில் ஏறும். 2018-ல் இங்கிலாந்தில் தொட்டியிலிருந்து பவளத்தை எடுக்கப் போய் ஒரு குடும்பமே ஆஸ்பத்திரிக்குப் போனது. இருமல், மூச்சுத்திணறல், காய்ச்சல் வந்தால் உடனே டாக்டரிடம் போங்கள். கல்லைத் தொட்டதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

சுத்தம் செய்வதை மொட்டை மாடியில் வைத்துக்கொள்ளுங்கள். கையுறை, கண்ணாடி, மாஸ்க் அவசியம். பிளாஸ்டிக் வாளியில் பத்துப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு திரவ பிளீச் கலந்து, கல்லை இரண்டு நாள் ஊறவிடுங்கள். பிறகுதான் பிரஷ். கூடவே வினிகரோ ஆசிட்டோ ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும், ஜாக்கிரதை! நாலைந்து தண்ணீர் மாற்றி அலசி, வாடை போகும்வரை ஒரு வாரம் வெயிலில் காய வையுங்கள்.

அப்புறம் உப்புநீரில் போட்டு, ஒரு சிட்டிகை மீன் தீனி தூவி, ஒரு மாதமாவது பொறுங்கள். கழிவை மாற்றும் நல்ல பாக்டீரியா கல்லில் குடியேற வேண்டுமே! அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, மறுபடி பூஜ்யத்துக்கு இறங்கிய பிறகே மீன்.

தண்ணீருக்காக எண்ணூர்க் கழிமுகத்துக்குக் குடத்தோடு போகாதீர்கள். 2023 டிசம்பரில் எண்ணெய் பரவிய இடம் அது. கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் தொட்டி உப்பு கேட்டுப் பாருங்கள். கடலிலிருந்து எடுத்த பவளக்கல்லை யார் விற்றாலும் வாங்காதீர்கள். 2001 முதல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கையில் இருக்கும் கல்லே போதும், பொறுமைதான் வேண்டும்.