நிழல் பெறும் பயிரும் வெயில் பெறும் மேனியும்

மாத்தளை மாவட்டத்து யட்டவத்த, மத்திய கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ ஏழரைப் பாகையில் அமைந்த பிரதேசம். ஆண்டுக்கு இருமுறை, ஏப்பிரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் தொடக்கத்தையொட்டியும், சூரியன் அதன் உச்சிக்கு நேரே வந்து நிற்கிறது. அந்நாட்களின் நண்பகலில் வரம்பில் நிற்பவரின் நிழல் அவர் காலடிக்குள்ளேயே ஒடுங்கிவிடும். அந்த வேளையிலும் வயலில் களை பிடுங்குவோரும், வீதிக்குக் கல் பரப்புவோரும், முற்றத்தில் மிளகு உலர்த்துவோரும் வேலையை நிறுத்துவதில்லை.

இம்மாவட்டத்துப் பயிர்களுக்கோ இக்கதி இல்லை. கொக்கோ நிழல் விரும்பும் மரம். அதன் இளங்கன்றுக்கு நிழல் மரம் நட்ட பின்னரே கன்றை நடவேண்டும் என்று விவசாயப் போதனாசிரியர்கள் சொல்லிக் கொடுக்கின்றனர். தேயிலை நாற்றுமேடைக்குப் பந்தல் உண்டு. இறப்பரின் நிலை இன்னும் கவனிக்கத்தக்கது. வெயில் ஏற ஏறப் பாலின் ஓட்டம் தளர்ந்துவிடும் என்பதால் பால் வெட்டு விடியற்காலையிலேயே தொடங்கப்படுகிறது. ஒரு மரத்தின் உடற்கூற்றை அறிந்து, அதற்கேற்ப நூற்றுக்கணக்கான மனிதரின் வேலை நேரத்தை மாற்றியமைப்பது இந்நாட்டில் நூறாண்டுக்கு மேலாக நடந்துவரும் வழக்கம். மனிதத் தோலின் உடற்கூற்றுக்காக வேலை நேரத்தை மாற்றவேண்டும் என்று யாரேனும் கூறினால் மட்டும் அது நடைமுறைக்கு ஒவ்வாத கற்பனை எனத் தள்ளப்படுகிறது.

தள்ளுவோர் கூறும் முதற் காரணம், 'கறுத்த தோலுக்கு வெயில் ஒன்றும் செய்யாது' என்பது. இதைக் கங்காணி மாத்திரம் கூறுவதில்லை, படித்தவரும் கூறுகின்றனர். இதில் ஒரு பகுதி உண்மை என்பதை மறுப்பது நேர்மையாகாது. மெலனின் என்னும் நிறப்பொருள் இயற்கை தந்த குடைதான். 1979இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, கருநிறத்தாரின் மேற்றோல் தரும் காப்பின் அளவை ஏறத்தாழ 13 எனவும், வெண்ணிறத்தாரின் மேற்றோலுக்கு அதை ஏறத்தாழ 3 எனவும் கணித்தது. தென்னாசியரின் பழுப்புத் தோல் பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. ஐரோப்பியரைவிடத் தென்னாசியரிடையே தோற்புற்று மிக அரிது என்பதும் மெய்யே. எனினும், காப்பு எண் 13 எனின் பதின்மூன்றில் ஒரு பங்கு உள்ளே நுழைகிறது என்பதே பொருள். பதினெட்டு வயதில் மண்வெட்டி தூக்கியவர் ஐம்பத்தைந்து வயதில் அதைக் கீழே வைக்கும்வரை அந்த ஒரு பங்கு நாள்தோறும் சேர்ந்துகொண்டே போகிறது.

சேர்வது என்னவென்று பார்க்கலாம். ஒளியில் கண்ணுக்குப் புலனாகாத கழியூதாக் கதிர்கள் இருவகையாய்த் தோலை வந்தடைகின்றன. குறுகிய அலைநீளமுள்ள பி வகை, மேற்றோலின் உயிரணுக்களிலுள்ள டி.என்.ஏ. இழையில் அடுத்தடுத்து நிற்கும் தைமின் கூறுகளைத் தகாத முறையில் பிணைத்துவிடுகிறது. உடல் அப்பிணைப்புகளை வெட்டித் திருத்துகிறது. திருத்தப்படாது தப்பியவை காலம் கடந்து புற்றாகலாம். நீண்ட அலைநீளமுள்ள ஏ வகை உட்டோல் வரை சென்று, தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் நாரைச் சிதைக்கிறது. வயலில் வாழ்நாள் கழித்தவரின் பிடரித்தோல் தடித்து, குறுக்கும் நெடுக்கும் பள்ளம் விழுந்திருப்பதை ஊரார் முதுமை என்பர். அதே வயதினர் ஒருவரின், சட்டைக்குள்ளேயே இருந்துவந்த முதுகுத் தோலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது எவ்வளவு முதுமை, எவ்வளவு வெயில் என்பது விளங்கும். அன்றியும், மெலனின் குடை கண்ணுக்கும் கீழுதட்டுக்கும் போதிய அளவு எட்டுவதில்லை. கண்புரைக்குக் கழியூதாக் கதிரும் ஒரு காரணம்.

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழில் நிறுவனமும் 2023இல் கூட்டாக வெளியிட்ட மதிப்பீடு, மெலனோமா அல்லாத தோற்புற்றினால் நேரும் மரணங்களில் ஏறத்தாழ மூன்றிலொன்று வெயிலில் வேலை செய்வதன் விளைவு என்கிறது. 2019இல் உலகெங்கும் அவ்வாறு வெயிலில் உழைத்தோர் 160 கோடிப் பேர். சூரியக் கதிர்வீச்சு மனிதருக்குப் புற்று விளைவிப்பது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1992இலேயே வகைப்படுத்திவிட்டது. கல்நாருக்கும் புகையிலைக்கும் கொடுத்த அதே தரம்.

பழுப்புத் தோலின் தனித் துன்பம் வேறொன்று. அதைக் காக்கும் மெலனினே மிகைபட்டு, கன்னத்திலும் நெற்றியிலும் கருந்திட்டுக்களாய்ப் படிகிறது. மங்கு எனப்படும் இது பெண்களிடம் மிகுதி, கருப்பகாலத்தில் கூடும், வெயில் அதை வளர்க்கும். கழியூதாக் கதிர் மட்டுமன்றி, கண்ணுக்குத் தெரியும் ஒளியும் பழுப்புத் தோலைக் கருக்கச் செய்கிறது. இங்கேதான் வணிகம் வாசலில் வந்து நிற்கிறது. வெயிலால் நேர்ந்த காயத்தை நிறக்குறையாக மொழிபெயர்த்து, அந்நிறக்குறைக்கு மருந்து விற்பது அதன் தொழில். 1975இல் இந்தியாவில் அறிமுகமான 'பெயார் அன்ட் லவ்லி' 2020இல் 'குளோ அன்ட் லவ்லி' ஆகியது. பெயரை மாற்றவேண்டிய அளவுக்கு எதிர்ப்பு எழுந்தமை வரவேற்கத்தக்கதே. நாற்பத்தைந்து ஆண்டு விளம்பரம் கற்பித்த பாடமோ பெயரோடு போய்விடவில்லை.

தமிழ் கற்றோர் இவ்விடத்தில் வெட்கப்பட நிறைய உண்டு. சங்க அகப்பாடல்கள் போற்றிய மேனி மாமை நிறத்தது. மாந்தளிரின் நிறம் அது என்பர். காதலன் பிரிவால் அம்மாமை கெட்டு மேனி வெளிறுவதைப் பசலை என்று நோயாகவே பாடினர். வள்ளுவர் பசப்புக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார். வெளிறுதலை நோயென்று பாடிய மொழியிலேயே இன்று வெளிறுதல் அழகென்று விளம்பரம் எழுதப்படுகிறது. அதை எழுதுவோரிற் சிலர் தமிழ் இலக்கியத்தைப் பாடமாய் ஓதியவர்களாகவும் இருக்கக்கூடும்.

பெயர் பெற்ற நிறுவனங்களின் பொருளைவிடக் கொடியவை, உற்பத்தியாளர் முகவரியின்றிச் சந்தையில் விலைப்படும் 'ஒரு வாரத்தில் வெண்மை' கிறீம்கள். இத்தகையவற்றிற் பல பாதரசம் கலந்தவை. மெலனினை உருவாக்கும் நொதியைப் பாதரசம் முடக்குகிறது. நிறம் விரைவில் வெளுக்கிறது. தோல்வழி உட்சென்ற பாதரசம் சிறுநீரகத்தைத் தாக்குகிறது. இது வெறும் அச்சுறுத்தல் அன்று. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்துக் கோட்டக்கல்லில் 2021 யூலை முதல் 2023 செப்டெம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக வடிகட்டி நோயுடன் வந்த 22 பேரை வைத்தியர்கள் ஆராய்ந்தனர். அவர்களுள் 15 பேரிடம் அந்நோயின் அரிய வகையொன்று காணப்பட்டது. அப்பதினைவரில் 13 பேர் முகம் வெளுக்கும் கிறீம் பூசியவர்கள். மினமாட்டா உடன்படிக்கை இவ்வகைப் பொருள்களில் பாதரசம் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருப்பதை 2020 முதல் தடைசெய்தது. 2023இல் கூடிய மாநாடு, 2025 முதல் அந்த ஒரு பங்கும் கூடாது என முடிவுசெய்தது. இலங்கை அவ்வுடன்படிக்கையில் உறுப்பு நாடு. கடைத்தட்டு மட்டும் அதில் ஒப்பமிடவில்லை.

பாதரசம் இல்லாதவற்றில் வலுமிக்க ஸ்டெரொயிட் கலந்தவை உண்டு. முதல் மாதம் முகம் மினுங்கும். பின்னர் தோல் மெலிந்து, நுண்குழாய்கள் சிவந்து தெரிய, வெயிலைத் தாங்கும் வலிமையையே முகம் இழந்துவிடும். பூச்சை நிறுத்தினால் எரிச்சல் பொங்கும். ஆகவே மீண்டும் பூசுவர். வெயிலில் நிற்கவேண்டிய பெண்ணொருத்திக்கு வெயிலைத் தாங்காத முகத்தை விலைக்கு விற்பது எத்தகைய வைத்தியம்?

சுகாதாரப் பத்திகள் தரும் மற்றொரு மருந்து, 'வெளியே செல்லுமுன் வெயிற்காப்புப் பூச்சைத் தடவுக' என்பது. அறிவுரை தவறன்று, அது யாரை நோக்கியது என்பதே கேள்வி. ஆய்வுகூடத்தில் காப்பு எண் கணிக்கப்படுவது ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு இரண்டு மில்லிகிராம் பூசியபின். முகம், கழுத்து, முன்கைகளுக்கு அவ்வளவில் பூச ஏறத்தாழ ஐந்து கிராம் வேண்டும். வியர்வையில் கரைவதால் இரண்டு மணிக்கொருமுறை பூசவேண்டும். நாளுக்கு மூன்று முறை என்றாலும் ஐம்பது கிராம் குழாய் நான்காம் நாளில் தீர்ந்துவிடும். நிறமற்ற பூச்சுக்கள் பலவும் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுப்பதில்லையாகையால் மங்கு அப்பொழுதும் நீங்காது. நெருக்கமாய் நெய்த நீள்கைச் சட்டையும், பிடரியையும் காதையும் மறைக்கும் அகன்ற விளிம்புத் தொப்பியும் இவ்விருவகை ஒளியையும் தடுக்கும், வியர்வையில் கரையா, மறுநாளும் உதவும். இவற்றை உழைப்பவர் தம் பணத்தில் வாங்கவேண்டும் என்பதில்லை. மண்வெட்டியைப் போல இவையும் வேலைக் கருவிகள்.

அடுத்துவரும் ஆட்சேபம், நண்பகலில் வேலையை நிறுத்தினால் விளைச்சல் குன்றும் என்பது. மத்திய மலைநாட்டு ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்குத் தொழில் தேடிச் சென்றோர் இதற்கு விடை சொல்வர். கட்டார் 2021 முதல் யூன் தொடக்கத்திலிருந்து செப்டெம்பர் நடுப்பகுதிவரை காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை திறந்தவெளி வேலையைத் தடைசெய்துள்ளது. வெப்பத்தின் பொருட்டு எழுந்த விதி அது. கழியூதாக் கதிர் உச்சம் பெறுவதும் அதே நேரந்தான். தொழிற்சங்கம் அமைக்கும் உரிமையை வெளிநாட்டுத் தொழிலாளருக்கு மறுக்கும் நாடே அவ்வாறு செய்கையில், தொழிற்சங்க வரலாறு நீண்ட இலங்கையில் அதற்கொப்பான விதி இல்லாதிருப்பதற்கு என்ன சமாதானம் கூறுவது? 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் அதன் பெயருக்கேற்பத் தொழிற்சாலைகளை நோக்கியது. வயல்வெளி அதன் கண்ணிற் படவில்லை. ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்தரைக்கு நிறுத்தி, மூன்றரைக்குப் பின் எஞ்சியதை முடிப்பது யட்டவத்தைக் கமக்காரருக்குப் புதுமையன்று. தம் சொந்த வயலில் பலர் அவ்வாறே செய்கின்றனர். மணித்தியாலம் பிறருக்கு விற்கப்பட்டபின்தான் அச்சுதந்திரம் போய்விடுகிறது.

வைத்தியத்துக்கும் இதே தடை. ஆறு வாரமாகியும் ஆறாத புண், உதட்டில் மீண்டும் மீண்டும் உரியும் செதிள், திடீரெனப் பருக்கும் கருமறு ஆகியவற்றை வைத்தியர் விரைவில் பார்க்கவேண்டும். தொடக்கத்தில் கண்டால் சிறு வெட்டோடு பெரும்பாலும் தீரும். அரசாங்க வைத்தியசாலையில் அதற்குக் கட்டணம் இல்லை. போகும் நாளின் சம்பளம் மட்டும் போய்விடும். 2024இல் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளமும் வேலைக்கு வந்த நாளுக்கே உரியதாயிருந்தது. ஆகவே ஆண்டில் ஒரு நாள், சம்பளம் வெட்டப்படாமல், தோலையும் கண்ணையும் காட்டி வர வெளியில் வேலை செய்வோர் ஒவ்வொருவருக்கும் விடுமுறை வேண்டும். வைத்தியக் குழு வேலைத்தளத்துக்கே வருமாயின் அரை நாளே போதும். நண்பகலில் வரட்டும், வேலை நிறுத்தப்படும் அந்த நேரத்தில்.